பழைய ஹெரால்டு டிக்கிக்கு கம்மி செலவுல பெயிண்ட்: எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது

நீண்ட இழை. பொறுமையா படிங்க மக்களே.

"டாக்டர், தாத்தாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு மயிலாப்பூர் வீட்ல நிக்குது. வெளிய ஓரளவு பரவாயில்ல, டிக்கி உள்ள மட்டும் துரு. நானே தேய்ச்சு பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் கம்மி. எந்த மாஸ்க் போடணும்?"

இன்பாக்ஸ்ல வந்த கேள்வி இது. டாக்டர்கிட்ட டிக்கி பத்தி கேட்கிறாங்களேன்னு சிரிக்காதீங்க. போன வருஷம் மந்தைவெளியில இருக்கிற எங்க மாமாவோட ஹெரால்டுக்கு நாங்க இதே வேலையைப் பார்த்தப்ப ரெண்டு போட்டோ போட்டேன், அதோட பலன்.

மாஸ்க் பேரை மட்டும் ஒரு வரியில சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா மாஸ்க் கடைசி விஷயம். எந்த பெயிண்டை, எப்படி, எங்க வெச்சு அடிக்கப் போறோம்ங்கறதுதான் முதல் விஷயம். என் கருத்தை இங்கேயே சொல்லிடுறேன்: டிக்கியோட உள்பக்கத்துக்கு ஹார்டனர் கலந்த பி.யூ. ஸ்ப்ரே தேவையே இல்லை. உங்க வீட்டு கார் பார்க்கிங்லயும் வேண்டாம், ரேட் கம்மின்னு ரோட்டோர ஷெட்ல கொடுத்தும் வேண்டாம். ஏன்னு விளக்கமா சொல்றேன்.

முதல்ல வண்டியைப் பத்திக் கொஞ்சம். இளைய தலைமுறைக்கு ஹெரால்டுன்னா என்னன்னே தெரியாது.

சென்னைக்காரங்க பெருமைப்பட வேண்டிய வண்டி இது. பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, பிரிட்டனோட டிரையம்ஃப் ஹெரால்டை 1961-லிருந்து நம்ம ஊர்ல தயாரிச்சது. டிசைன் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. பானெட் முழுசா, மட்கார்டோட சேர்த்து முன்னாடி கவிழ்ந்து திறக்கும். முதல்ல வந்தது ரெண்டு கதவு. நாலு கதவு ஹெரால்டு நம்ம ஊர்லயே உருவானது, பிரிட்டன்ல கிடையாது. அதுக்கப்புறம் கெஸல் வந்தது, கடைசியா ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-ல கம்பெனியே மூடிடுச்சு.

"அது ஸ்போர்ட்ஸ் காரா?"ன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. அசல் ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1962-ல வந்தப்ப ஹெரால்டோட சேஸிஸைச் சுருக்கித்தான் பண்ணினாங்க. நம்ம சோழவரம் ரேஸ்லயும் ஹெரால்டு ஓடியிருக்கு. எனக்கு இது போதும், இது ஸ்போர்ட்ஸ் கார்தான். மாமாவுக்கும் அதே கருத்து. அத்தைக்கு வேற கருத்து.

சரி, டிக்கி.

சென்னையில டிக்கி துருப்பிடிக்க ரெண்டு காரணம். ஒண்ணு உப்புக்காத்து. மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர்ல வண்டி நிறுத்தினவங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொண்ணு டிக்கி மூடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங். அது காய்ஞ்சு வெடிச்சதும் மழைத்தண்ணி உள்ள இறங்கும். ஹெரால்டுல ஸ்டெப்னி டிக்கி தரைக்குக் கீழ ஒரு பள்ளத்துல படுத்திருக்கும். தண்ணி அங்க போய்த் தேங்கும். மேல பலகை, அதுக்கு மேல கார்ப்பெட், யாருக்கும் தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலயும் முழங்கால் தண்ணியில நின்ன வண்டின்னா கேட்கவே வேண்டாம்.

அதனால முதல் செலவு பெயிண்ட் இல்ல, பீடிங். ஜி.பி. ரோட்லயோ புதுப்பேட்டையிலயோ அளவுக்கு மீட்டர் கணக்குல கிடைக்கும். பழைய பீடிங்ல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போங்க. மாத்தின பிறகு பீடிங் மேல சாக்பீஸ் தேய்ச்சு மூடியை மூடித் திறந்து பாருங்க, எங்க கோடு பதியலையோ அங்கதான் ஒழுகும். சின்னப் பையனை டார்ச்சோட உள்ள உட்கார வெச்சு, மூடி, மேல தண்ணி ஊத்திப் பார்க்கிற பழக்கம் சில வீட்ல உண்டு. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். மூடின டிக்கி நம்ம வெயில்ல நிமிஷக்கணக்குல சூடேறும், பழைய லாக் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?

அடுத்தது, ஹெரால்டு வெச்சிருக்கிறவங்க மறக்கவே கூடாத விஷயம். இந்த வண்டியோட பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயேதான் இருக்கு.

வேலையைத் தொடங்கும் முன்னாடி அதைக் காலி பண்ணி, கழட்டி, வெளியே எடுத்துடணும். இங்கதான் எங்க கேஷுவாலிட்டிக்கு ஆள் வருவாங்க. டியூபை வாயில வெச்சு உறிஞ்சி பெட்ரோல் இறக்குறது! "ஒரு வாய்தான் டாக்டர், துப்பிட்டேன்"னு சொல்லுவாங்க. பெட்ரோல் வயித்துக்குள்ள போறதைவிட மூச்சுக்குழாய்க்குள்ள போறதுதான் ஆபத்து. தண்ணியைவிட இளகலா இருக்கும், வழுக்கிக்கிட்டுப் போய் நுரையீரல் முழுக்கப் பரவும். அங்க காத்துப்பைகள் ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பான படலம் இருக்கு, அதைக் கரைச்சிடும். சில மணி நேரத்துல இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல்.

அப்படி யாராவது உறிஞ்சி புரையேறிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, பால், முட்டை எதுவும் கொடுக்காதீங்க. வாந்தி எடுத்தா ரெண்டாவது தடவை நுரையீரலுக்குப் போக வாய்ப்பு. நேரா ஆஸ்பத்திரி. வந்தவுடனே எக்ஸ்ரே நல்லா இருந்தாலும் குறைஞ்சது 6 மணி நேரம் வெச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவோம். "எக்ஸ்ரே நார்மல்தானே, வீட்டுக்குப் போறேன்"னு சண்டை போடாதீங்க. கையால அமுக்குற பிளாஸ்டிக் பம்ப் 150 ரூபாய்க்குக் கிடைக்குது.

காலியான டேங்க்தான் நிறைஞ்ச டேங்கைவிட மோசம், ஞாபகம் வெச்சுக்கோங்க. உள்ள இருக்கிறது பூரா ஆவி. அதைப் பூஜையறைப் பக்கமோ, இன்வெர்ட்டர் பக்கமோ, கொசுவத்திச் சுருள் பக்கமோ வைக்கக் கூடாது. டிக்கி தரையில ஓட்டை இருந்து ஒட்டு போடணும்னா டேங்கும் பெட்ரோல் பைப்பும் வண்டியில இருக்கிற வரைக்கும் கேஸ் கட்டிங், வெல்டிங் எதுவும் கூடாது. அது டிங்கர் வேலை, அதை நீங்க பண்ண வேண்டாம். அவர் வெல்டிங் பண்ணும்போது பக்கத்துல நின்னு வேடிக்கையும் பார்க்காதீங்க. பார்த்தா அப்ப ஒண்ணும் தெரியாது, நடு ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரியும். அதுக்குத் தாய்ப்பால் விடுறது, மெடிக்கல்ல மரத்துப்போற சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டே இருக்கிறது ரெண்டும் தப்பு. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா சரியாகும், ஆனா கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா டிக்கியில எலி குடித்தனம் இருக்கும். எலிப்புழுக்கையைத் துடைப்பம் போட்டுப் பெருக்காதீங்க, தூசு பறக்கும். கிளவுஸ் போட்டு, சோப்புத்தண்ணியால நனைச்சு, துணியால எடுங்க. கையில வெட்டுக்காயம் இருந்தா மூடிக்கோங்க. எலிக்காய்ச்சல் சென்னையில ஒண்ணும் அபூர்வமான வியாதி இல்லை.

இங்க ஒரு எச்சரிக்கை. சிலர் கிருமி போகட்டும்னு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவாங்க. அப்புறம் துரு போகட்டும்னு அதே இடத்துல ஆசிட் ஊத்துவாங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். டிக்கிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு அதைச் சுவாசிச்சா நேரா ஐ.சி.யூ. பாத்ரூம் கழுவுற ஆசிட் துருவுக்கும் நல்லதில்லை, தகடு மடிப்புக்குள்ள போய் உட்கார்ந்துகிட்டு பெயிண்டுக்கு அடியில மறுபடியும் அரிக்கும். பாஸ்பாரிக் ஆசிட் அடிப்படையிலான ரஸ்ட் கன்வர்ட்டர் பெயிண்ட் கடையில கேளுங்க. பிரஷ்ல தடவினா துரு கறுப்பா மாறும். அதுவும் ஆசிட்தான், கண்ணாடியும் கிளவுஸும் அவசியம்.

இப்ப தேய்க்கிற வேலை. ஸ்க்ரூ டிரைவர் முனையால துரு இருக்கிற இடத்தைக் குத்திப் பாருங்க. உள்ள போனா டிங்கர். போகலைன்னா உப்புத்தாள். 80 அல்லது 120-ல துருவை எடுத்து, 220-ல சமப்படுத்தி, பிரைமருக்கு அப்புறம் 400 வாட்டர் பேப்பர். வேற நம்பர் எதுவும் தேவையில்லை.

காய்ஞ்ச தேய்ப்பு கூடவே கூடாது. கிரைண்டர் போட்டு தூசு பறக்க விடவே கூடாது. தண்ணி தொட்டுத் தொட்டுத் தேயுங்க. 1960கள் 70கள் காலத்து பெயிண்ட்லயும் பிரைமர்லயும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறம்னா இன்னும் அதிகம். "இப்பதான் ஈயத்தைத் தடை பண்ணிட்டாங்களே?"ன்னு கேட்பீங்க. 2016-ல வந்து 2017 நவம்பர்ல அமலான மத்திய அரசு விதி, பெயிண்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல கூடாதுன்னு சொல்லுது. நல்ல விதிதான். ஆனா அது வீட்டு பெயிண்டுக்கும் அலங்கார பெயிண்டுக்கும். உங்க தாத்தா வண்டியோட பழைய பெயிண்டுக்கு அது பொருந்தாது.

ஈயத் தூசு பெரியவங்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் கெடுதல். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. வேலை முடிச்ச சட்டையோட குழந்தையைத் தூக்காதீங்க. அந்தத் துணியைத் தனியாத் துவைங்க. தேய்ச்ச சேற்றைச் செய்தித்தாள்ல வழிச்சு, கவர்ல கட்டி அப்புறப்படுத்துங்க, துளசிச் செடி தொட்டியில கொட்டாதீங்க. வீட்ல கர்ப்பிணி இருந்தா இந்த வேலையை வேற இடத்துல வெச்சுக்கோங்க.

துருத்தகடு கையைக் கிழிச்சா டி.டி. ஊசி. டெட்டனஸ் துருவுல இருந்து வர்றதில்ல, மண்ணுலயும் தூசியிலயும் இருக்கிற கிருமியில இருந்து வருது. பழைய வண்டி டிக்கியில மண்ணும் தூசும்தானே இருக்கு? கடைசி ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அழுக்குக் காயத்துக்கு ஒண்ணு போட்டுக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.

இனி பெயிண்ட். இதுக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன்.

நம்ம ஊர்ல கார் பெயிண்டுக்கே பழைய ஆளுங்க "டக்கோ"ன்னு பேர் வெச்சிருக்காங்க. அது அமெரிக்க டுபாண்ட் கம்பெனி 1920கள்ல கொண்டு வந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டோட பிராண்ட் பேர். இப்ப என்.சி. பெயிண்ட்னு கேட்டா தருவாங்க. தின்னர் கலந்து அடிப்பாங்க, தின்னர் ஆவியானதும் காய்ஞ்சிடும். ஹார்டனர் கிடையாது.

இன்னைக்கு ஷெட்ல "கம்பெனி ஃபினிஷ்"னு சொல்றது பி.யூ., அல்லது டூ-கே. ரெண்டு டப்பா. ஒண்ணு பெயிண்ட், இன்னொண்ணு ஹார்டனர். அந்த ரெண்டாவது சின்ன டப்பாவுல இருக்கிறது ஐசோசயனேட் வகை ரசாயனம். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1984 டிசம்பர்ல போபால்ல கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட். பயமுறுத்தலை, அதே விஷம் இதுல இல்லை. அது எளிதா வாயுவாகிப் பரவுறது, இது கெட்டியானது. ஆனா அதே குடும்பம். ஸ்ப்ரே கன்ல கம்ப்ரசர் காத்தோட அடிக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாத பனித்துளியா மாறி நுரையீரலுக்குள்ள போகுது.

இது பண்ற வேலை வித்தியாசமானது. முதல் நாளே ஒண்ணும் ஆகாது. வாரக்கணக்குல, மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல உடம்பு அதைப் பார்த்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அலர்ஜி மாதிரி பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலே வீசிங். ஆஸ்துமா. தோல்ல பட்டாலும் இந்த மாற்றம் ஆரம்பிக்கலாம், அதனால மூக்கை மட்டும் மூடினா போதாது. கெடுதல் பண்ற அளவுல இதுக்கு வாசனையும் கிடையாது. தின்னர் வாசனை போயிடுச்சு, இனி பரவாயில்லைன்னு நினைச்சா ஏமாந்துடுவோம்.

பிரிட்டனோட தொழில் பாதுகாப்புத் துறை, வண்டிக்கு ஸ்ப்ரே அடிக்கிற தொழிலாளிக்கு ஆஸ்துமா வர்ற வாய்ப்பு மத்தத் தொழிலாளிகளைவிட 80 மடங்குன்னு சொல்லுது. அங்க காத்து இழுக்குற மூடின பூத் இருக்கு, வெளியில இருந்து குழாய் வழியா சுத்தமான காத்து வர்ற முகமூடி இருக்கு. நம்ம ஷெட்ல என்ன இருக்கு? கைக்குட்டை.

கோவிட் சமயத்துல மிச்சமான என்-95 வீட்ல எல்லார்கிட்டயும் இருக்கு. அது தூசுக்கு நல்லது, ஆவிக்கு உதவாது. கார்பன் கேட்ரிட்ஜ் வெச்ச ரப்பர் மாஸ்க் தின்னர் ஆவிக்கு நல்லது, ஆனா ஐசோசயனேட் ஸ்ப்ரேக்கு அதை நம்ப முடியாது. கேட்ரிட்ஜ் தீர்ந்துபோனா வாசனையை வெச்சுக் கண்டுபிடிக்கணும், இதுக்குத்தான் வாசனையே இல்லையே. அதனாலதான் முதல்லயே சொன்னேன், மாஸ்க் கடைசி விஷயம்னு.

டிக்கியில இன்னொரு சிக்கலும் இருக்கு. கதவுக்கோ பானெட்டுக்கோ பெயிண்ட் அடிக்கிறவர் நிமிர்ந்து நின்னு அடிக்கிறார். டிக்கி உள்பக்கம் அடிக்கிறவர் தலையும் தோளும் ஒரு தொட்டிக்குள்ள இருக்கும். தின்னர் ஆவி காத்தைவிட கனம், அடியில தேங்கும். அடிக்கிற ஸ்ப்ரே மூணு பக்கமும் பட்டு முகத்துக்கே திரும்பி வரும். காரோட எல்லா பாகத்திலயும் மூச்சுக்கு மோசமான இடம் டிக்கிதான். ஆனா பளபளப்பு தேவையே இல்லாத இடமும் டிக்கிதான்! மேல பலகை, அதுக்கு மேல கார்ப்பெட், அதுக்கு மேல ஜாக்கியும் பழைய துணியும். யார் பார்க்கப் போறாங்க?

"எங்க பெயிண்டர் முப்பது வருஷமா அடிக்கிறார் டாக்டர், அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" இது வரும்னு தெரியும்.

ஆகாதவர்தான் முப்பது வருஷம் நிற்கிறார். ஆனவர் ரெண்டு, மூணு வருஷத்துல தொழிலை விட்டுட்டு ஆட்டோ ஓட்டுறார், செக்யூரிட்டி வேலைக்குப் போறார். அவரை நீங்க ஷெட்ல பார்க்க மாட்டீங்க, நாங்க ஓ.பி.யில பார்ப்போம். தொழில்சார் மருத்துவத்துல இது தெரிஞ்ச பொறிதான்: வேலையில மிச்சம் இருக்கிறவங்களை மட்டும் எண்ணினா எந்த வேலையும் ஆரோக்கியமான வேலையாத்தான் தெரியும். அதோட, அவரோட குரு அடிச்சது டக்கோ. அதுல இந்த ஹார்டனர் இல்லை. "அந்தக் காலத்துல இருந்து"ங்கற வாதம் இங்க செல்லாது.

நான் நுரையீரல் நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். முடிச்சு அரசு மருத்துவமனையில ஓ.பி.யும் கேஷுவாலிட்டியும் பார்க்கிறவன். இருமலோட வர்ற இளவயசுக்காரர்கிட்ட "என்ன வேலை?"ன்னு கேட்டா "கார் வேலை"ன்னு முடிச்சிடுவாங்க. அடுத்த கேள்வி கேட்கணும். மெக்கானிக்கா, டிங்கரா, பெயிண்டரா? ராத்திரியில இருமல் அதிகமா? ஞாயித்துக்கிழமை லீவ்ல எப்படி இருக்கு? பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப எப்படி இருந்துச்சு? "ஊர்ல சுத்தமா இல்ல சார், வந்த மறுநாள் ஆரம்பிச்சிடுச்சு"ன்னு பதில் வந்தா, அது சளி இல்லை. அதுக்குள்ள அவர் மெடிக்கல்ல எத்தனையோ தடவை வீசிங் மாத்திரையும் ஸ்டீராய்டும் வாங்கிப் போட்டிருப்பார். பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு வாழைப்பழம், வெல்லம், பால் சாப்பிட்டா எல்லாம் இறங்கிடும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. சாப்பிடுறது உணவுக்குழாய்ல போகுது, பெயிண்ட் போனது மூச்சுக்குழாய்ல. ரெண்டும் வேற ரோடு.

சீக்கிரம் கண்டுபிடிச்சு அந்த ஸ்ப்ரேயில இருந்து விலகினா தேறும் வாய்ப்பு நல்லா இருக்கு. வீசிங்கோடயே வருஷக்கணக்குல அடிச்சா, அப்புறம் தொழிலை விட்டாலும் ஆஸ்துமா விடாம கூடவே வரலாம். தொழிலால் வர்ற ஆஸ்துமா இ.எஸ்.ஐ.யோட தொழில் நோய்ப் பட்டியல்லயே இருக்கு. ஆனா மூணு பேர் வேலை பார்க்கிற சந்து ஷெட்டுக்கு இ.எஸ்.ஐ. எங்க இருக்கு? பட்டியல்ல நோய் இருக்கு, நோயாளி இல்லை.

இங்க உங்க பங்கு என்னன்னா, பேரம். தி.நகர் சந்துல "கம்பெனி ஃபினிஷ் வேணும், ஆனா ரேட் பாதியாக்கு"ன்னு நாம பேசுற பேரத்துல முதல்ல வெட்டுப்படுறது பெயிண்ட் இல்லை, பூத்தும் முகமூடியும்தான். ஹார்டனர் டப்பாவை அவரால குறைக்க முடியாது, குறைச்சா பெயிண்ட் காயாது. தன் மூச்சைத்தான் குறைச்சுக்க முடியும். வெளிநாட்ல இருந்து இறக்குமதி பண்ணின பேட்ஜுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கிற நாம, பெயிண்டர் கூலியில ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் நிற்கிறோம். எனக்கு இது ஒப்பலை.

சரி, என்னதான் பண்றது?

டிக்கி உள்பக்கத்துக்கு: துரு எடுத்து, பிரைமர் ரெண்டு கோட்டு, மேல சாதாரண சிந்தெட்டிக் எனாமல் ரெண்டு கோட்டு, எல்லாமே பிரஷ்ல. மூலைக்குச் சின்ன பிரஷ், தரைக்கு சின்ன ஃபோம் ரோலர். ஸ்டெப்னி பள்ளத்துக்கு மட்டும் எபாக்ஸி பிரைமர் போட்டா நல்லது. அதுலயும் ஹார்டனர் உண்டு, ஆனா அது வழக்கமா அமீன் வகை, ஐசோசயனேட் இல்லை. தோல்ல அலர்ஜி வரும், நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, பிரஷ்லயே தடவுங்க. வாங்கும்போது டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிங்க. எனாமல் மேல என்.சி. அடிக்காதீங்க, சுருங்கி எழும்பிடும்.

பிரஷ் கோடு தெரியும். ஆமா, தெரியும். கார்ப்பெட்டுக்குக் கீழ தெரியட்டுமே. வின்டேஜ் கார் ஷோவுல பலகையைத் தூக்கிப் பார்த்து மார்க் குறைக்கிற ஜட்ஜ் வந்தா என் பேரைச் சொல்லுங்க.

டிக்கி மூடியோட வெளிப்பக்கம் வேற கதை. அது வண்டியோட நிறத்தோட ஒத்துப்போகணும், வெயில் தாங்கணும், அங்க பி.யூ. நியாயம்தான். அதுக்கு முழு வண்டியையும் கொடுக்க வேண்டியதில்லை. மூடி கீல்ல போல்ட்டு போட்டுத்தான் மாட்டியிருக்கும். ரெண்டு பேர் பிடிச்சுக் கழட்டி, போர்வையில சுத்தி, காத்து இழுக்குற மூடின பூத் இருக்கிற வொர்க் ஷாப்ல அந்த ஒரு பீஸை மட்டும் கொடுங்க. உள்ள போய் பூத்தைக் கண்ணால பாருங்க. அடிக்கிறவர் என்ன முகமூடி போடுறார்னு கேளுங்க. கூட ஆகுற காசைக் கொடுங்க. டிக்கி உள்ள நீங்களே பண்ணினதுல மிச்சம் பிடிச்சது இதுக்குப் போதும். கழட்டின போல்ட்டுகளை மாத்திரைக் கவர்ல போட்டு எழுதி வெச்சுக்கோங்க, வீட்ல அந்தக் கவருக்குப் பஞ்சம் இருக்காது.

எங்களுக்கு டிக்கி உள்பக்கத்துக்கு பீடிங், உப்புத்தாள், பிரைமர், எனாமல், தின்னர், பிரஷ், கண்ணாடி, கிளவுஸ், பம்ப் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. அதுல பெரிய செலவு, கேட்ரிட்ஜ் வெச்ச அரை முக மாஸ்க், சுமார் 2,500. எனாமலும் தின்னரும் பிரஷ்ல அடிச்சாலும் ஆவி வரும், டிக்கி தொட்டி மாதிரின்னு சொன்னேனே, அதுக்குத்தான். பத்து நிமிஷம் அடிச்சா வெளியே வந்து அஞ்சு நிமிஷம் நில்லுங்க. தலை சுத்தினா அன்னைக்கு வேலை அவ்வளவுதான். டேபிள் ஃபேனை டிக்கிக்குள்ள வைக்காதீங்க, அதுல பொறி வரலாம். பின்சீட்டைக் கழட்டிக் கதவெல்லாம் திறந்து வெச்சா காத்து தானா ஓடும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இந்த வேலையைத் தொடவே தொடாதீங்க. ஈரக்காத்துல என்.சி. வெளுத்துப்போகும், எனாமல் காயாம பிசுபிசுக்கும், அடியில ஈரம் மாட்டிக்கிட்டா அடுத்த வருஷம் மறுபடியும் துரு. பொங்கல் முடிஞ்சதும் ஆரம்பிச்சா சரியா இருக்கும், காலைப்பனி விலகின பிறகு.

பெயிண்ட் நல்லா காய ஒரு வாரம் விட்டு டேங்கை மாட்டுங்க. கார்ப்பெட்டுக்குக் கீழ ஸ்பாஞ்ச் போடாதீங்க, தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். எடுத்துக் காய வைக்கிற மாதிரி ரப்பர் மேட் போதும். ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்புறமும் பலகையைத் தூக்கி ஸ்டெப்னி பள்ளத்தைப் பாருங்க.

டிக்கி சந்தேகம்னா போட்டோ அனுப்புங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். இதைப் படிக்கிற பெயிண்டர் தம்பிகள் யாருக்காவது ராத்திரி இருமல், வேலை நாள்ல மூச்சிரைப்பு, லீவ் நாள்ல சரியாகுதுன்னா போட்டோ, மெசேஜ் எதுவும் வேண்டாம். ராயப்பேட்டை ஜி.எச். ஆகட்டும், சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ராஜீவ் காந்தி மருத்துவமனை ஆகட்டும், காலையில ஓ.பி. சீட்டு போட்டு உள்ள வாங்க. டாக்டர் கேட்கலைன்னாலும் "நான் ஸ்ப்ரே பெயிண்டர், ஹார்டனர் கலந்து அடிக்கிறேன்"னு முதல் வார்த்தையாச் சொல்லுங்க. பயன்படுத்துற ஹார்டனர் டப்பாவோட லேபிளை போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க, டப்பாவைக் கொண்டு வராதீங்க.